முன் வரிசையில் ஒரு கை

மேற்குத் தாம்பரத்தில் டாக்டர் அபிகாயிலின் பல் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு டாக்டரைக் கண்டு பயமில்லை, டிரில் மெஷினின் சத்தத்தைக் கேட்டால்தான் பயம். உள்ளே அது 'ஙொய்' என்று ஆரம்பித்ததும் வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடுவார்கள். அந்தச் சத்தத்தை அமுக்குவதற்காக டாக்டர் வரவேற்பறையில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு போட்டுப் பார்த்தார். பக்திப் பாட்டு போட்டால் சிலருக்கு ஆகவில்லை. கிறிஸ்தவப் பாட்டு போட்டால் வேறு சிலருக்கு ஆகவில்லை. சினிமாப் பாட்டு போட்டால் பல்வலியோடு வந்த ஒருவருக்கும் ஆகவில்லை. கடைசியில் வெளிநாட்டிலிருந்து வந்த தோழி ஒருத்தி, "வார்த்தை இருந்தாத்தானே தகராறு?" என்று சொல்லி ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதில் இருநூற்றுப் பன்னிரண்டு உருப்படிகள். எல்லாம் வாத்தியம் மட்டும். வீணை, வயலின், புல்லாங்குழல், சாக்ஸபோன். பெரும்பாலும் சுத்தமான கர்நாடக சங்கீதம். மீதி கிடாரும் டிரம்ஸும் கீபோர்டும் கூடச் சேர்ந்துகொண்ட கலப்பு இசை. எதற்கும் பெயர் கிடையாது. டிராக் ஒன்று, டிராக் இரண்டு என்று எண் மட்டும்தான்.

ஒன்பது வருஷமாக அதே இருநூற்றுப் பன்னிரண்டும் காலை பத்து மணிக்கு ஆரம்பித்துச் சாயங்காலம் வரை சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. நோயாளிகள் வந்தார்கள், வாயைத் திறந்தார்கள், போனார்கள். முழுக்கக் கேட்டது ஒரே ஒரு ஆள். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து அப்பாயின்ட்மென்ட் எழுதும் சந்திரிகா.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கும் அது வெறும் சத்தம்தான். வண்டலூர்க்காரி. அவள் வீட்டில் பாட்டென்றால் ஆடி மாதம் கோயில் மைக் செட்டில் வருவதுதான். ஆனால் தினமும் ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தால் என்றைக்காவது ஒருநாள் முகம் பழகிவிடும் இல்லையா? அப்படித்தான் பழகியது. முதலில் முப்பத்தேழு பிடித்துப்போயிற்று. வயலின். ஆரம்பத்தில் தயங்கித் தயங்கி வந்து, நடுவில் விறுவிறுவென்று மேலே ஏறி, கடைசியில் ஏறிய இடத்திலேயே நின்று சிரிக்கிற மாதிரி முடியும். அப்புறம் நூற்றுப் பன்னிரண்டு, வீணை. வெளியே மழை பெய்தால் அது வர வேண்டுமே என்று காத்திருப்பாள். நூற்றைம்பதுக்கு மேல் வருகிறவை டிரம்ஸ் வைத்த கலப்பு இசை; அவை வந்தால் அவள் கால் மேஜைக்கு அடியில் தானாக ஆட ஆரம்பித்துவிடும். ராகப் பெயர் ஒன்றும் தெரியாது. ஆனால் எண்பத்தொன்றும் நூற்று முப்பதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும். ஒருநாள் காத்திருந்த நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குப் பதிலாக, "முப்பத்தேழு உள்ள வாங்க" என்று கூப்பிட்டு அசடு வழிந்தாள்.

தாளம் போடுவதைக் கைப்பேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு வாரத்தில் வந்துவிட்டது. அப்புறம் பாத்திரம் கழுவும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவள் வலது கை தொடையில் தட்டிக்கொண்டேயிருக்கும்.

"இன்னா சந்திரி, கை தானா ஆடிக்கினே கீது? டாக்டரம்மாகிட்ட காட்டேன்" என்பான் அவள் புருஷன் தினகரன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்.

"அவுங்க பல்லு டாக்டரு."

"கைக்கும் எதனா மாத்திரை வச்சிருப்பாங்க, கேளு."

தை மாதக் கடைசியில் ஸ்ரீவத்சன் சார் வேர் சிகிச்சைக்கு வந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். செம்பாக்கத்தில் மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை கச்சேரி நடத்தும் இசை மன்றத்துக்குச் செயலாளர். கையில் ஒரு கட்டு நோட்டீஸ் வைத்திருந்தார்.

"இதைக் கவுன்டர்ல வச்சுடும்மா. வர்ற பேஷண்ட்ஸ் யாராவது எடுத்துப்பாங்க" என்றார்.

அனுமதி இலவசம் என்று போட்டிருந்தது. முதல் நோட்டீஸைச் சந்திரிகாவே எடுத்துக்கொண்டாள். அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் இவள் வருவாள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால். முதல் கச்சேரிக்குப் போனபோது கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் கேட்ட வயலினை ஒரு மனுஷி கையில் பிடித்து எதிரே உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு காலமும் இதை யாரோ வாசித்துத்தானே இருக்கிறார்கள், அவர்களுக்கும் இப்படி நெற்றியில் வேர்த்திருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மூன்றாவது கச்சேரியில் ஆசை மிஞ்சிப்போய் முன் வரிசைக்கு வந்துவிட்டாள். ஓரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஸ்ரீவத்சன். அன்றைக்கு வயலினோடு கீபோர்டும் மிருதங்கமும். மூன்றாவதாக எடுத்தார்களே ஒன்று, அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பத்தேழு! அவளுடைய முப்பத்தேழு! சொந்தக்காரரைக் கூட்டத்தில் கண்ட மாதிரி அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தொடையில் ஓங்கித் தாளம் போட ஆரம்பித்தாள். வருஷக்கணக்காகப் போட்ட தாளம். தூக்கத்தில்கூட அவளுக்கு அது தப்பாது.

ஸ்ரீவத்சனும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவர் தட்டும்போது இவள் விரல் மடக்கினாள்; இவள் தட்டும்போது அவருடைய கை சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே எங்கேயோ இருந்தது. அவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். மேடையில் மிருதங்கக்காரரும் ஒருதரம் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது தரம் ஸ்ரீவத்சன் நிகழ்ச்சி நிரல் தாளை எடுத்து, நாலாக மடித்து, அவள் கைமேல் மெதுவாக மூடினார். கொதிக்கிற பாத்திரத்துக்கு மூடி போடுவது போல.

"கையை மடியில வச்சுக்கோம்மா. வாசிக்கிறவங்க முன் வரிசையைப் பார்ப்பாங்க. தப்பான தாளத்தைப் பார்த்தா குழம்பிடும்."

குரலில் கோபமே இல்லை. குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. சந்திரிகா கையை முந்தானைக்குள் நுழைத்துக்கொண்டு கச்சேரி முடியும்வரை சிலையாக உட்கார்ந்திருந்தாள். முப்பத்தேழு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. தாம்பரம் பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு கேம்ப் ரோடு வரை அழுதாள். அதற்கப்புறம் அழுகை தீர்ந்து ஆத்திரம் வந்தது. தப்பு என்று சொல்லிவிட்டார், சரி. எது தப்பு? கை சரி, எண்ணிக்கை சரி, வேகம் சரி. அப்புறம் எங்கேதான் தப்பு?

பத்து நாள் கழித்து, சிகிச்சை முடிந்த பல்லுக்குக் கேப் மாட்டிக்கொள்ள ஸ்ரீவத்சன் வந்தார். நல்ல மனுஷர்தான்; அவராகவே மேஜைப் பக்கம் வந்து பேசினார்.

"அன்னைக்கு நடந்ததை மனசுல ஒண்ணும் வச்சுக்கலையே?"

"வச்சிருக்கேன் சார்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார். "இல்லம்மா, பின்னாடி உக்காந்து கேட்டாலும் சங்கீதம் சங்கீதம்தான். தாளமெல்லாம் எதுக்கு? கண்ணை மூடிக்கிட்டு நிம்மதியா ரசிக்கலாமே."

"நீங்க மூடிக்கலையே சார். நீங்க போடறீங்களே."

"நான் சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளர்ந்தவன். எனக்கு இதுல அறுபது வருஷம்."

"எனக்கு ஆறு மாசம் போதும் சார்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னது சொன்னதுதான். பின்வாங்குகிற பழக்கம் அவள் வம்சத்திலேயே இல்லை. "ஆறு மாசம் கழிச்சு வரேன். முன் வரிசையிலதான் உக்காருவேன். மெயின் உருப்படி எடுத்ததுலேர்ந்து தனி ஆவர்த்தனம் முடியற வரைக்கும் என் கை தப்பாது. ஒரு இடத்துல தப்பிடுச்சுன்னா நானே எந்திரிச்சுப் போயிடறேன். அப்புறம் உங்க ஹால் பக்கமே வரமாட்டேன்."

தனி ஆவர்த்தனம் என்பது மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கிற பகுதி. பாட்டு ஓய்ந்துவிடும்; பிடித்துக்கொள்ள மெட்டு இருக்காது; பதினைந்து இருபது நிமிஷம் தாளம் மட்டும்தான். கை தேர்ந்தவர்களே அதில் நழுவுவார்கள். ஸ்ரீவத்சன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்து, மறுபடியும் வாயைத் திறந்தார். அரை மணி நேரம் அவரால் ஒன்றும் பேச முடியவில்லை.

சபதம் போட்டாயிற்று. தப்பு எங்கே என்று மட்டும் தெரியவில்லை. அவரையே கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை. பட்டினி கிடந்தாலும் கிடப்பாளே தவிர அவரிடம் போய் அதைக் கேட்க மாட்டாள். கச்சேரி வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கேமரா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தது. வயலின்காரர் கையில் வில், வீணைக்காரர் விரல்கள் தந்தியில். வாய்ப்பாட்டாக இருந்தாலாவது பாடுகிறவர் கையில் தாளம் தெரியும். வாத்தியக் கச்சேரியில் மேடையில் யார் கையும் சும்மா இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அகப்பட்டது. யாரோ ஒரு கோயில் கச்சேரியைக் கைப்பேசியில் எடுத்துப் போட்டிருந்தார்கள். எடுத்தவருக்கு எடுக்கத் தெரியவில்லை, நல்லவேளை. மேடை கோணலாகத் தெரிந்தது. இடது பக்கக் கீழ் மூலையில் யாரோ ஒரு அம்மாவின் கை, இரண்டு வளையல், தொடையில் தாளம். வாசித்ததும் முப்பத்தேழுதான், வேறு ஆட்கள். சந்திரிகா சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தக் கையை மட்டும் பார்த்தாள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல். தன்னுடையது போலவே இருந்தது. பிறகு சத்தத்தை வைத்துப் பார்த்தாள்.

வளையல் கை தட்டியது. வயலின் வரவில்லை. சுண்டுவிரல் மடங்கியது. அப்போதும் வரவில்லை. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், வயலின் உள்ளே வந்தது.

வீடியோவில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தாள். பதினாலு தரம் ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு சுற்றிலும் மெட்டு அதே இடத்தில்தான் வந்து சேர்ந்தது. காலையில் வண்டலூர் ஸ்டேஷனில் அவள் படுகிற பாடு ஞாபகத்துக்கு வந்தது. ரயில் அதன்பாட்டுக்கு நகர ஆரம்பித்துவிடும். இவள் பையைக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் ஏறுவாள். அவள் ஏறியதிலிருந்துதான் ரயில் கிளம்பியது என்று சொல்ல முடியுமா? தாளம்தான் ரயில். அது முன்னாலேயே கிளம்பிவிட்டது. மெட்டு ஒன்றரை எண்ணிக்கை கழித்து ஓடிவந்து ஏறுகிறது. இவள் மெட்டின் முதல் ஒலியையே முதல் தட்டு என்று வைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக எட்டெட்டாக எண்ணித் தள்ளியிருக்கிறாள்.

யாரிடம் போய்ச் சொல்வது? டிரம்ஸ் வைத்த உருப்படிகள்தான் அவளை ஏமாற்றியவை. அவற்றில் மெட்டும் டிரம்ஸும் முதல் எண்ணிக்கையில் ஒன்றாக 'டொம்' என்று விழும். அதைப் பார்த்து எல்லாமே அப்படித்தான் என்று நம்பிவிட்டாள். தனக்குத்தானே வாத்தியாராக இருந்தால் இதுதான் தொல்லை. வாத்தியாருக்கு ஒன்று தெரியாவிட்டால் பிள்ளைக்கும் தெரியாது.

"இத்தனை வருஷமும் தப்பாப் போட்டிருக்கேன்" என்றாள் தினகரனிடம்.

"இன்னாத்த?"

"எல்லாத்தையும்."

அவன் பயந்துபோனான்.

மறுநாள் மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த பழைய டைரியை எடுத்து முதல் பக்கத்தில் ஒன்று என்று எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டையும் முதலிலிருந்து திரும்பக் கேட்பது என்று முடிவு. கை பழகிய பழக்கம் லேசில் விடுமா? முப்பத்தேழு வந்தாலே கை பழைய இடத்தில்தான் போய் விழுந்தது. அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. மிருதங்கம் எங்கே அழுத்துகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, எதிலிருந்து சுற்று தொடங்குகிறது என்று பின்னாலிருந்து எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதினாள். 'நாலு, சரியாக வருது.' 'முப்பத்தேழு, ஒன்றரை தள்ளி.' 'ஐம்பது, அரை தள்ளி.' 'தொண்ணூற்றாறு, தெரியல, மறுபடி.' சில பக்கங்களில் 'தெரியல, மறுபடி' மட்டுமே ஏழெட்டு தரம் இருந்தது.

மூன்றாவது மாதம் முடிவதற்குள் டைரி முடிந்தது. அதற்கப்புறம்தான் கஷ்டமான பகுதி. கேட்கும்போது கை சரியாகப் போனால் போதாது. கவனம் சிதறினாலும் போக வேண்டும். ஆகவே சிதறடித்துப் பழகினாள். மேஜைக்கு அடியில் கை எட்டு எண்ணிக்கொண்டிருக்க, வாய், "சாயங்காலம் ஆறரைக்கு வாங்க, சாப்பிட்டுட்டு வாங்க, ஊசி போடுவாங்க" என்று போனில் பேசும். வேனில் ஏறினால் தினகரன் இண்டிகேட்டர் போடுவான். அது ஒரு வேகத்தில் டிக்டிக் என்று அடிக்க, இவள் கை வேறொரு வேகத்தில் போகும். வண்டலூரிலிருந்து தாம்பரம் வரை ரயிலில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், மறு கை இடுப்பில் தட்டும். ஏதோ நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து ஒரு பாட்டியம்மா எழுந்து இடம் கொடுத்தாள். சந்திரிகா நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டு, தொடர்ந்து தட்டினாள்.

"உங்க கைக்கு என்ன ஆச்சு?" என்று டாக்டர் அபிகாயில்கூட ஒருநாள் கேட்டார்.

"ப்ராக்டிஸ், மேடம்."

"எதுக்கு?"

"ஸ்ரீவத்சன் சாருக்கு."

டாக்டர் இதற்குமேல் கேட்காமல் இருப்பதே நல்லது என்று உள்ளே போய்விட்டார்.

ஐப்பசியில் அந்த இரண்டாவது சனிக்கிழமை வந்தது. தினகரனும் கூட வந்தான். "யாராச்சும் எதனா சொன்னா நான் கீறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான். சந்திரிகா நேரே முன் வரிசைக்குப் போனாள். அதே ஓரத்து நாற்காலி. ஸ்ரீவத்சன் அவளைப் பார்த்தார். மரியாதையாகத் தலையை ஆட்டினார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

மேடையில் வயலினும் சாக்ஸபோனும். பக்கவாத்தியம் மிருதங்கம், கடம். சின்னச் சின்ன உருப்படிகள் நாலைந்து போயின. அவள் கையைத் தூக்கவில்லை. பிறகு வயலின் நீளமாக ஆலாபனை செய்து, சாக்ஸபோன் அதை வாங்கிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து மெயின் உருப்படியை எடுத்தன. இது இருநூற்றுப் பன்னிரண்டில் இல்லை. இதுவரை கேட்டதே இல்லாத மெட்டு.

ஒரு சுற்று போயிற்று. அவள் கை மடியிலேயே இருந்தது. இரண்டாவது சுற்றும் போயிற்று. ஸ்ரீவத்சன் ஓரக்கண்ணால் அந்தக் கையைப் பார்த்தார். பாவம், ஆறு மாசம் வீண் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் கையைப் பார்த்து அப்படியே போட்டிருக்கலாம், பக்கத்திலேயேதான் இருந்தது. சந்திரிகா வேண்டுமென்றே மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். மிருதங்கத்தை மட்டும் கேட்டாள். எங்கே அழுத்துகிறது? அதோ. மெட்டுக்கு முன்னால், ஒன்றரை முன்னால். ரயில் கிளம்பிவிட்டது. மூன்றாவது சுற்றில் அவள் கை மேலே எழும்பி, சரியான இடத்தில் தொடையில் விழுந்தது. தட்டு, சுண்டுவிரல், அந்த நடு இடத்தில் வயலின், மோதிரவிரல். பக்கத்தில் இன்னொரு கையும் அதே நேரத்தில் விழும் சத்தம் கேட்டது. ஸ்ரீவத்சன் அதற்கப்புறம் அவள் பக்கம் திரும்பவில்லை.

தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தது. ஆரம்பித்ததும் என்ன நடக்கும் என்று கச்சேரிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். பாட்டு இல்லை, இனி அடிதடி மட்டும்தான் என்று ஜனங்கள் எழுந்துவிடுவார்கள். நாற்காலியில் கர்ச்சீப்பைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, வெளியே சைக்கிள் கொட்டகையில் பஜ்ஜிக்கும் காபிக்கும் வரிசையில் நிற்பார்கள். அன்றைக்கும் ஹால் ஏறக்குறைய முழுக்கவே காலியாயிற்று. முன் வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது. வித்வான்களுக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடைகளைப் பார்க்க ஸ்ரீவத்சனும் எழுந்து போனார். வரிசையாகப் பத்துக் கர்ச்சீப்புகள், ஓரத்தில் சந்திரிகா ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

மிருதங்கம் வாசித்தவர் இளைஞர், மூக்குக் கண்ணாடி போட்டவர். வாசித்துக்கொண்டே ஹாலை ஒருதரம் பார்த்தார். யாரும் இல்லை. ஒரு கை மட்டும் அசைந்தது. அந்தக் கையிலேயே பார்வையை வைத்துக்கொண்டார். சந்திரிகாவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் கை சிலிர்க்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. மிருதங்கம் விட்ட இடத்தில் கடம் பிடித்துக்கொண்டது. பிறகு நடை மாறியது. அதுவரை நாலு நாலாக வந்தவை மூன்று மூன்றாக உருள ஆரம்பித்தன. கையையும் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும் இடம் இது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தினகரனின் இண்டிகேட்டரை நினைத்துக்கொண்டாள். அது அதன்பாட்டுக்கு, இது இதன்பாட்டுக்கு.

அப்போது பார்த்துத் தினகரன் ஒரு தட்டில் பஜ்ஜியோடு வந்து முன்னால் நின்றான்.

"சூடா கீது, துண்ணு."

அவள் திரும்பவில்லை. கை போய்க்கொண்டிருந்தது.

"கோவமா? நான் இன்னா பண்ணேன்?"

பதில் வராததைப் பார்த்து அவன் தட்டை அவள் நாற்காலி ஓரமாகத் தரையில் வைத்துவிட்டு மெல்ல நழுவினான்.

பொன்னாடைப் பையோடு ஸ்ரீவத்சன் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. கடம் மூன்று மூன்றாகப் பொழிந்துகொண்டிருந்தது. எது முதல் தட்டு, எது எட்டாவது என்று புரியாத சுழல். நடுவில் வந்து சேர்ந்தவர் எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? இடது பக்கம் பார்த்தார், கர்ச்சீப்புகள். பின்னால் பார்த்தார், காலி நாற்காலிகள். அந்த ஹாலில் தாளம் தெரிந்த ஒரே இடம் அவருடைய வலது பக்கத்தில் இருந்தது.

சந்திரிகா அதைப் பார்த்துவிட்டாள். அந்தக் கணத்தில் அவளுக்கு ஒரு பொல்லாத ஆசை வந்தது. கையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டால் என்ன? அன்றைக்கு அவர் சொன்னது அதைத்தானே? மனசுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு போகலாம், அவள் சபதம் கெடாது. அவர் தவிப்பார். ஆறு மாதமாக அவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது, ஒரு நிமிஷத்தில் அணைந்துவிடும்.

மேடையில் மிருதங்கக்காரர் முடிவுக்கு ஆயத்தமாகி மறுபடியும் அவள் கையைப் பார்த்தார்.

அவள் கையை மூடவில்லை. தொடையிலிருந்து கொஞ்சம் மேலே தூக்கி, நாற்காலிக் கைப்பிடிக்கு மேலே கொண்டுவந்து, நன்றாகத் தெரிகிற மாதிரி பெரிதாகப் போட்டாள். தட்டு. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஸ்ரீவத்சன் ஒரு முழுச் சுற்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சுற்றின் முதல் தட்டில் அவர் கையும் அவள் கையோடு சேர்ந்து விழுந்தது. கண்ணீர் வந்து மேடை கலங்கலாகத் தெரிந்தது. துடைத்துக்கொள்ள இடது கை இருந்தது, போதும்.

மிருதங்கமும் கடமும் ஒன்றாகச் சேர்ந்து முடிவுக் கோர்வையை மூன்று தரம் வாசித்தன. மூன்றாவது தரம் வாரிச் சுருட்டிக்கொண்டு வந்து, முதல் தட்டைத் தாண்டி, சுண்டுவிரலைத் தாண்டி, அந்த நடு இடத்தில் சரியாக வந்து இறங்க, வயலினும் சாக்ஸபோனும் ஓடிவந்து ஏறிக்கொண்டன. காபிக் கோப்பையோடு வாசலில் நின்றவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

பொன்னாடைகள் போர்த்தி முடிந்து, நன்றியுரையும் சொன்ன பிறகு, ஸ்ரீவத்சன் அவளிடம் வந்தார். கையில் நிகழ்ச்சி நிரல் தாள் இருந்தது. அதை மடிக்காமல் பிரித்து வைத்திருந்தார்.

"நீ இல்லேன்னா நான் இடத்தைப் பிடிச்சிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "யாருகிட்டம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்கதான் சார்" என்றாள் சந்திரிகா. "பல் டாக்டர்கிட்ட."

அவர் தன்னையறியாமல் கன்னத்தைத் தடவிக்கொண்டார். சந்திரிகா தட்டிலிருந்து ஆறிப்போன பஜ்ஜியை எடுத்து, வலது கையாலேயே, நிதானமாகத் தின்றாள்.